நிறமும் அளவும்: மண்சரிவு வரைபடங்கள் குறித்து

தொடர்ச்சியாகக் கூடிக் குறையும் அளவுகளை நிறத்தாற் காட்டும் வழக்கம் புள்ளிவிபரவியலுக்குப் புதியதன்று. 1826இல் ஷார்ள் டுப்பென் பிரான்சின் கல்வி நிலையை வெண்மையிலிருந்து கருமை வரையான சாயல்களால் வரைந்தார். இருள் மிகுந்த இடம் கல்வி குறைந்த இடம் என்பதைக் கண் தானே உணர்ந்துகொண்டது.

மலையகத்திலோ இது உயிரோடு தொடர்புடைய விடயமாகும். 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆபத்து வரைபடங்கள் சரிவு, அடிப்பாறை, மேல்மண், நீர்வடிகால், நிலவுரு, நிலப்பயன்பாடு ஆகிய ஆறு காரணிகளுக்கும் புள்ளியிட்டுக் கூட்டி, அக்கூட்டுத்தொகையைச் சில படிகளாக வகுத்து, படிக்கொரு நிறம் தருவன. தொகை தொடர்ந்து செல்வது. நிறமோ தாவிச் செல்வது. ஒரேயொரு புள்ளியால் வேறுபடும் இரு சரிவுகள் வெவ்வேறு நிறம் பெறுகின்றன. பல புள்ளிகளால் வேறுபடுவன ஒரே நிறத்துள் அடங்கிவிடுகின்றன. லயமொன்றின் நடுவே நிற எல்லை சென்றால், ஒரு காம்பரா ஆபத்திலும் அடுத்த காம்பரா பாதுகாப்பிலும் இருப்பதாகப் பொருள்படும். மண் அக்கோட்டை அறியாது.

அவ்வாறாயின் படிகளாக வகுப்பதே பிழையா? அன்று. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு மஞ்சள், 100க்குச் செம்மஞ்சள், 150க்குச் சிவப்பு என எச்சரிக்கை அமைகின்றது. 149க்கும் 151க்கும் இயற்கையில் வேறுபாடில்லை என்பது உண்மையே. எனினும், நள்ளிரவில் பிள்ளைகளுடன் வெளியேறுவதா, இருப்பதா எனத் திகைக்கும் குடும்பத்துக்கு வேண்டுவது சாயல் அன்று, கட்டளை. குடியிருப்புக்குக் காணி தெரிவோரின் நிலை வேறு. அவர்களுக்கு ஒரே படிக்குள் மறைந்துள்ள ஏற்றத்தாழ்வே முக்கியமானது; அதனை மெல்லக் கருமையேறும் சாயலே காட்டவல்லது. கட்டளைக்கென வகுத்த படிகளை நிலத்தின் இயல்பாகக் கொள்வதிலேயே தவறு நேர்கின்றது.

நிறத் தெரிவும் கவனத்துக்குரியது. வானவில் வரிசையை விரும்புவோர் பலர், பார்வைக்கு அழகானதுதான். ஆனால் அதன் இடையிலுள்ள மஞ்சள் இரு முனைகளையும்விட ஒளிர்ந்து, அளவில் இல்லாத எல்லையைக் கண்ணுக்குத் தோற்றுவிக்கின்றது. பச்சையையும் சிவப்பையும் பிரித்தறியவியலாத ஆண்களும் உளர். போட்டோப் பிரதியில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடுவதும் உண்டு. தோட்டத்து அறிவித்தற் பலகையை எட்டுவது பெரும்பாலும் அத்தகைய பிரதியே. மெட்பிளொட்லிப் என்னும் வரைபு மென்பொருள் 2017இல் வானவிற் சாயலைக் கைவிட்டு, கருநாவலிலிருந்து மஞ்சள் வரை ஒளி சீராக ஏறும் வரிசையைத் தனது வழமையாக்கிற்று. கறுப்பு வெள்ளையிற் பிரதியெடுத்தாலும் அவ்வரிசை குலைவதில்லை.