முழவுக்கு ஒரு பரிசு, முழுமைக்கு ஒரு பரிசு

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரிலுள்ள லூக்கஸ் ஆயில் விளையாட்டரங்கில் ஆகஸ்டு மாதத்தில் மூன்று இரவுகள் தொடர்ந்து நடைபெறும் டிரம் கோர் போட்டிகளை நேரிலோ ஒளிப்பதிவிலோ காண விழையும் ரசிகர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய சங்கதி ஒன்றுண்டு: முரசடிப்பதில் முதன்மை பெற்ற குழுவே சாம்பியன் பட்டத்தையும் பெற வேண்டும் என்ற நியதி அங்கே கிடையாது. 2014இல் தாள வாத்தியத்துக்குரிய ஃபிரெட் சான்ஃபோர்டு விருதைச் சாண்டா கிளாரா வான்கார்டு குழு வென்றது. சாம்பியன் பட்டமோ நூற்றுக்கு 99.650 என்ற, அதுவரை எவரும் எட்டாத மதிப்பெண்ணுடன் ப்ளூ டெவில்ஸ் குழுவுக்குப் போயிற்று. இதைக் கேட்டவுடன் யாருக்கோ அநீதி இழைக்கப்பட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு. அப்படி எண்ணுவது, கேள்வி இரண்டு என்பதை அறியாததால் வரும் வினை.

ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். 22 வயதைத் தாண்டாத இளைஞர்கள். பித்தளை ஊதுகருவிகள், தாள வாத்தியங்கள், கொடி ஏந்தி ஆடுவோர் என மூன்று அங்கங்களும் கால்பந்துக் களமெங்கும் நகர்ந்துகொண்டே ஒரு நிகழ்ச்சியை நடத்திக் காட்டுகின்றன. நடுவர் குழாம் வழங்கும் நூறு புள்ளிகளில் நாற்பது, நிகழ்ச்சி மொத்தமாக நெஞ்சில் விளைவிக்கும் அனுபவத்துக்கு; முப்பது, கண்ணுக்குரியவற்றுக்கு; முப்பது, செவிக்குரியவற்றுக்கு. செவிக்குரிய அந்த முப்பதில்தான் தாளத்தின் பங்கு அடக்கம். தாள நடுவர் இருபதுக்கு இடும் மதிப்பெண், மொத்தத்தில் சேரும்போது பத்தாகக் குறுகிவிடுகிறது. ஆகவே முரசில் அரைப் புள்ளி முந்தியவர் மொத்தத்தில் முந்துவது கால் புள்ளிதான். கால் புள்ளி அற்பம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2008இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் குழு பட்டம் வென்றது 0.025 புள்ளி வித்தியாசத்தில்.

கணக்கு இவ்வளவு போதும். செவியைப் பழக்குவதே பெரிய காரியம்.

களத்தில் நடந்துகொண்டே அடிக்கும் பிரிவைப் பேட்டரி என்பார்கள். அதில் ஸ்நேர் முரசு வரிசையைக் கவனிக்கும்போது, எவர் அதிவேகமாக அடிக்கிறார் என்று தேடுவது புதியவரின் வழக்கம். பழகிய ரசிகரோ குச்சிகள் எழும் உயரத்தைப் பார்ப்பார். எட்டு ஒன்பது பேருடைய குச்சிகளும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கோணத்தில் இறங்குமாயின், ஒலியும் ஒருவர் அடித்தாற்போல ஒன்றாகவே விழும். உரத்து அடிக்கையில் சிறு பிசகுகள் இரைச்சலில் மறைந்துவிடும். மூன்று அங்குல உயரத்திலேயே குச்சியை அடக்கி, மெல்லிய உருட்டடியை நீட்டித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும் இடத்தில்தான் வித்தையின் தராதரம் அம்பலமாகும். ஆர்ப்பரிக்கும் இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த இடத்தில் கைதட்டுபவர் சிலரே, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

அதைவிட எனக்குப் பிரியமானது பாஸ் டிரம் வரிசை. வெவ்வேறு சுருதியில் கட்டப்பட்ட ஐந்து முரசுகளை ஐந்து பேர் சுமந்து நிற்க, ஒரே கையில் ஓடவேண்டிய துரிதமான சொற்கட்டு ஒன்று ஐவருக்கும் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டிருக்கும். தம் பங்கு வரும் கணத்தில் ஓரிரு அடி அடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிற அந்தக் காரியத்தில், ஒருவர் இம்மியளவு முந்தினாலும் வாக்கியமே நொண்டுகிறது. மேலிருந்து கீழாக ஐந்து சுருதிகளும் இடைவெளி தெரியாமல் உருண்டு வந்தால், லயம் என்பது ஐவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது என்று அறியலாம்.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத சிரமம். மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி முதலியன களத்தின் முன்விளிம்பில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும்; பிட் என்று அதற்குப் பெயர். பேட்டரி நாற்பது மீட்டர் பின்னால் போய்விட்டால் அதன் ஒலி பிட்டை வந்து சேர ஏறக்குறைய 0.12 வினாடி ஆகிறது. நிமிஷத்துக்கு 180 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டின் கால் பகுதியே 0.083 வினாடிதான் என்றால், எல்லோரும் முன்னின்று கையசைத்துக் காலம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்தே வாசித்தால் பார்வையாளர் செவியில் என்ன குழப்பம் நேரும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆகையால் பிட்டிலுள்ளவர்கள் அந்தக் கையை நம்பாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் முரசொலிக்குச் செவி கொடுத்து அதனோடு இணைகிறார்கள்.

தாள நடுவர் கேட்பது இவற்றையெல்லாம்தான்: எழுதப்பட்டது என்ன, அது எவ்வளவு நிறைவேறியது. ஒரு காலத்தில் முழு மதிப்பெண்ணில் தொடங்கிப் பிழை ஒன்றுக்குப் பத்திலொரு புள்ளியாகக் கழித்துக்கொண்டே வரும் முறை இருந்தது. 1983க்குப் பின் அது கைவிடப்பட்டது நல்லதே, ஏனெனில் பிழை எண்ணும் முறை துணிவுக்கு அபராதம் விதிப்பது.

மொத்தப் பட்டத்தின் கேள்வி வேறு. ஊதுகருவிகள் ஒரு சோக கீதத்தை இசைக்கும்போது, ஆற்றல் மிக்க முரசு வரிசை பல நிமிஷம் அசைவற்று நின்றுவிடலாம். அந்த மௌனத்துக்குத் தாள நடுவரிடம் பெரும் பலன் கிட்டாது, ஆனால் நாற்பது புள்ளிகளை வைத்திருப்பவரிடம் அது பேசும். கால அளவிலும் பேதம் இருக்கிறது: சாம்பியனைத் தீர்மானிப்பது கடைசி இரவு மட்டுமே, சான்ஃபோர்டு விருதோ மூன்று இரவுகளின் சராசரியைப் பார்ப்பது. 1970களில் வான்கார்டு குழுவின் முரசுகளை வளர்த்தெடுத்தவரின் பெயரால் வழங்கும் விருது, ஓரிரவு ஆவேசத்தைவிட நிலைத்த அப்பியாசத்தைக் கௌரவிப்பது எனக்கு உசிதமாகவே படுகிறது. தோற்றவர்க்கு ஆறுதலாகத் தரும் பரிசு என்று அதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நேரில் போகிறவர்கள் நிகழ்ச்சிக்கு முன்பே வாகனம் நிறுத்தும் திடலுக்குச் சென்றுவிடுங்கள். பேட்டரி அங்கேதான் வட்டமாக நின்று கையைச் சூடேற்றிக்கொள்ளும். ரசிகர்கள் கைக்கெட்டும் தூரத்தில் சூழ்ந்து நிற்பார்கள். பிறகு அரங்கில் உயர்ந்த இருக்கையாகப் பார்த்து அமருங்கள், கீழ் வரிசையிலிருந்து உருவங்கள் பிடிபடா. ஒளிப்பதிவு பார்ப்பவர்க்கு ஒரு வசதி அதிகம்: முதல் முறை முரசை மட்டும் பின்தொடர்ந்துவிட்டு, மறுமுறை முரசு ஓய்ந்த இடங்களில் களத்தில் வேறென்ன நடந்தது என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே மதிப்பெண் பட்டியலைத் திறக்கலாம்.