ஏற்காட்டிலும் மலையகத்திலும்: மாணவிகளின் அந்த நாட்கள்

சேலம், திருச்சி வட்டாரங்களிலிருந்து கண்டிச் சீமையின் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர் இன்று இலங்கை மலையகத்தில் வாழ்கிறார்கள். இங்கே சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் மலையாளிப் பழங்குடிப் பெண்களும் பள்ளிக்குப் போகிறார்கள். பெண் வயதுக்கு வந்தால் இங்கே மஞ்சள் நீராட்டு, அங்கே சாமத்தியச் சடங்கு. பந்தல் போட்டு ஊருக்கே சொன்ன சேதியை அடுத்த மாதத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் மறைக்கச் சொல்வதில் மட்டும் இரு நாட்டாருக்கும் வேறுபாடில்லை.

அரசுகள் உதவும் விதம்தான் வேறு. தமிழ்நாடு 2011இல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டத்தில், இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கினை வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. இலங்கையில் 2018 வரை இறக்குமதி நாப்கின்மீது 101.2 சதவீத வரி இருந்தது. 2024இல் அந்த அரசு பின்தங்கிய பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் வழங்கியது. வவுச்சர் என்றால் பிடித்ததை வாங்கலாம். ஆனால் கடை தொலைவில் இருக்கும் மலையில், கல்லாவில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்க, பதின்மூன்று வயதுப் பிள்ளை போய் என்னவென்று கேட்பாள்? மலைக்கு நம் முறையே பொருந்தும் என்பேன். ஆனால் பாக்கெட்டுக்கு ஆறு வீதம் கணக்கிட்டால் மாதத்துக்கு ஒன்பதுதான். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

நாப்கின் வந்தாலும் தீட்டு போய்விடுவதில்லை. 2025 ஏப்ரலில், கோவை மாவட்டத் தனியார் பள்ளியொன்றில், மாதவிடாய் என்பதற்காக எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுதச் செய்தார்கள். பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பிள்ளை பட்ட அவமானத்தை எந்த உத்தரவு துடைக்கும்? இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் 2015இல் யுனிசெஃபும் சுகாதார அமைச்சும் நடத்திய ஆய்வில், 66 சதவீத மாணவிகள் வயதுக்கு வரும்வரை மாதவிடாய் பற்றி அறிந்திருக்கவில்லை. ஆசிரியர்களில் 60 சதவீதம் பேர் அந்த உதிரத்தை அசுத்தம் என்றே நினைத்தார்கள். துடக்கு, அதாவது தீட்டு, என்று ஒதுங்குகிறவரே பாடம் நடத்தினால் பிள்ளைக்கு எப்படித் தைரியம் வரும்?

ஆகவே பயிற்சி முதலில் ஆசிரியர்களுக்கு வேண்டும். ஏற்காட்டுப் பக்கத்துத் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்தாம் வகுப்பிலேயே, பையன்களையும் உட்காரவைத்து, மாதவிடாய் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், கோடையிலும் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி மூன்றும் இருக்கின்றனவா என்று வாரந்தோறும் பாருங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் இரவும் பகலும் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். அங்கே நாப்கினை எண்ணிக் கொடுக்காதீர்கள், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.