தூண்களுக்கு நடுவே

கரும்பு விளைந்த கொல்லையில் மனைக்கல் நடுவது கடலூர்–பண்ருட்டி சாலையில் புதிய காட்சி இல்லை. நிலம் மிஞ்ச வேண்டுமென்றால் மாடிமேல் மாடி கட்டுவதுதான் வழி என்ற பேச்சு மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூராட்சியிலும் அடிபடுகிறது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆற்றோரத்தில் பரந்து கட்டுவதைவிட மேட்டில் உயர்த்திக் கட்டுவது மேல்தான்.

முன்மாதிரி என்று எல்லோரும் கைகாட்டுவது சிங்கப்பூரை. அங்கே 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில்தான் குடிமக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். நம்மவர் வியப்பதெல்லாம் உயரத்தையும் துப்புரவையும். என் கண்ணில் படுவது புளோக்கின் கீழ்த்தளம். அங்கே வீடுகளே கிடையாது. தூண்கள், சில மேசைகள், ஊடே வீசும் காற்று, அவ்வளவுதான். ஒரு வாரம் மலாய்த் திருமணம், அடுத்த வாரம் சீனர் வீட்டு இழவு, மற்ற நாளில் சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். பந்தல் போடப் பணமில்லாதவரும் அங்கே விருந்து வைக்கலாம். லிஃப்டுக்குப் போகிற வழியும் அதுவே என்பதால் யாரும் ‘சமூகக் கூடத்துக்குப் போகிறேன்’ என்று தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை.

இதே தூண்கள் நம்மிடமும் உண்டு. சென்னை அடுக்ககங்களின் ஸ்டில்ட் தளம் அமைப்பில் அதற்கு உடன்பிறப்பு. ஆனால் முழுக்க காருக்குப் போய்விட்டது. வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் என்று கட்டட விதி கணக்குக் கேட்கிறது. பெரிய மனையென்றால் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கிறது. நல்லதுதான். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அந்தத் திறந்தவெளியில் யார் உட்காருவார்கள்? நம் தட்பவெப்பத்துக்கு வேண்டியது கூரையுள்ள பொதுவிடம்.

எத்தனை வீட்டுக்கு ஒரு பொதுவிடம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரின் ஸ்கைவில் டாசன் கட்டடத்தில் 960 வீடுகள். வடிவமைத்த வோஹா நிறுவனம் அவற்றை எண்பது எண்பதாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாடித்தோட்டம் கொடுத்தது. எண்பது வீடென்றால் ஒரு தெரு, முகம் பழகிவிடும். அங்கேயே பினக்கிள் டக்ஸ்டன் குடியிருப்பின் ஐம்பதாவது மாடியிலோ ஏழு கோபுரங்களை இணைக்கும் வான்பாலம் இருக்கிறது. வெளியார் காசு கட்டி ஏறிப் பார்க்கிறார்கள். அதைக் காட்சிமாடம் என்று சொல்வேன், தெரு என்று சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர் முறையைப் புகழ்வோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அங்கே அண்டை வீட்டாரைச் சட்டமும் சேர்ந்துதான் அமைக்கிறது. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று வரம்பு உண்டு. இனச்சேரிகள் உருவாகாமல் அது தடுத்தது உண்மை. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் வீட்டை விற்கும் தமிழருக்கு வாங்குவோர் வட்டம் சுருங்கி விலை இறங்குவதும் உண்மை. அதைவிட உறுத்துவது, இந்தியாவிலிருந்து கட்டுமான வேலை பெர்மிட்டில் போகும் தொழிலாளி தான் எழுப்பிய அந்த வீட்டில் வாடகைக்குக்கூட இருக்க முடியாது என்பது. அவர்கள் தங்கும் விடுதிகளின் நெரிசலை 2020இல் அங்கே பரவிய கொரோனா காட்டிக்கொடுத்தது. கூடிவாழ்தலுக்கு அங்கேயும் ஒரு வேலி இருக்கிறது.

நம் பக்கத்துச் சான்று சென்னையின் பெரும்பாக்கம். அன்றைய குடிசை மாற்று வாரியம் (இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அருகே இருபதாயிரம் வீடுகளுக்கு மேல் திட்டமிட்ட எட்டடுக்குக் குடியிருப்பு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்தன. வீட்டின் அளவு சுமார் நானூறு சதுர அடி. வேலையும் பள்ளியும் வெகுதூரத்தில் நின்றுவிட்டன. லிஃப்ட் பழுது, தண்ணீர்த் தட்டுப்பாடு என்று புகார்கள் தொடர்ந்தன. கரையோரத்தில் கடன், காவல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் தாங்கிய பழைய தெருவுறவு பிரிந்துபோனதுதான் பெரிய இழப்பு. தெருவைத் தெருவாகவே ஒரே புளோக்குக்குக் குடியேற்றியிருந்தால் கூடுதல் சிமென்ட் எதுவும் தேவைப்பட்டிருக்காது. இது வரைபடம் போட்டவரின் பிழையைவிட வீடு ஒதுக்கியவரின் பிழை.

‘பசுமைக் கட்டடம்’ என்ற பலகையையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் கம்பியும் கான்கிரீட்டும் கூடுகின்றன. தண்ணீரையும் மனிதரையும் ஏற்ற மின்சாரம் கூடுகிறது. கடலூர் மாதிரி ஊருக்கு ஐந்து மாடி போதும். நிலமும் மிஞ்சும், மின்தடை நேரத்தில் கிழவியும் மெல்லப் படியேறிவிடலாம். மேற்கு வெயிலுக்குச் சுவரைக் காட்டி, வடக்கிலும் தெற்கிலும் சன்னல் வைத்து, மாலைக் கடற்காற்று நுழைய வழிவிட்டால் ஏசிக்கான தேவை குறையும்.

தரைத்தளத்தை வீடில்லாமல் விடுவது இங்கே இரட்டைப் பயன் தரும். வெள்ளக் காலத்தில் தண்ணீர் வந்து போகட்டும். மற்ற மாதங்களில் வளைகாப்பும் மாலை டியூஷனும் அங்கே நடக்கட்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. 2015 வெள்ளத்தில் சென்னையில் பல அடுக்ககங்களின் மேல்மாடிக்காரர்கள் வீடு நனையாமலே மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் தவித்தார்கள். ஆகவே மோட்டார், மின்பலகை, ஜெனரேட்டர் மூன்றும் முதல் மாடிக்கு ஏற வேண்டும். விற்பனைக்கான ஒரு வீட்டின் இடத்தை அதற்காகக் கட்டுநர் விட்டுத்தர மாட்டார். அனுமதி தரும் அலுவலகம்தான் கேட்டு வாங்க வேண்டும்.