நெடுநல்வாடையில் இருவர் துயிலாமை

துயிலாமையைப் பாடிய புலவர் தமிழிற் பலர். குறுந்தொகையிலே பதுமனார் பாட்டில் வருந் தலைவி, ஊரவர் பேச்சு அடங்கி உலகமே உறங்கும் நள்ளிரவில் தான் ஒருத்தி மட்டும் விழித்திருத்தலைச் சொல்லி நோகின்றாள். கொல்லன் அழிசியின் பாட்டில் வருபவளோ, வீட்டருகே நின்ற நொச்சி தன் நீலப் பூக்களை உதிர்க்கும் ஓசையையுங் கேட்டுக் கிடந்தவள். பூ உதிரும் ஓசை காதில் விழவேண்டுமானால் ஊர் எத்துணை அடங்கியிருத்தல் வேண்டும், செவி எத்துணை விழித்திருத்தல் வேண்டும்! ஒளவையார் காட்டும் தலைவி, தன் நோயை அறியாது உறங்கும் ஊரை முட்டித் தாக்குவதா, கூவி எழுப்புவதா என்று தவிக்கின்றாள். இவை மூன்றும் சில அடிகளில் முடிந்துவிடும் பாட்டுக்கள். துயிலாதவர் நெஞ்சின் ஒரு கணத்தை மின்னலிற் காட்டி மறைவன. ஆனால் துயிலாமையின் கொடுமை பெரிதும் அதன் நீளத்திலேயே உள்ளது. அந்த நீளத்தைப் பாட்டின் நடையிலேயே அமைத்துக் காட்டியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பத்துப்பாட்டில் ஏழாவதாக நிற்கும் அவரது நெடுநல்வாடை 188 அடிகளாலானது.

இப்பாட்டைப் பற்றிய பழைய வழக்கொன்று உண்டு. இஃது அகமா, புறமா என்பதே அது. அரண்மனையிற் பிரிவாற்றாது கிடக்கும் அரசியைப் பாடுதலின் அகம் என்னலாம். ஆனால் பாசறையிற் படைத்தலைவன் ஏந்திவரும் வேலின் தலையிலே வேம்பு கட்டியிருக்கின்றது. வேம்பு பாண்டியர்க்குரியது. அகத்திலே இன்னார் என்று ஒருவரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. சுன்னாகத்தில் அச்சேறிய கணேசையர் பதிப்பை வைத்துப் படித்தவர்க்கு அது நன்கு தெரியும். ஆகவே அவ்வேப்பந்தார் ஒன்றையே பிடித்து நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்று முடித்தார். இலக்கணத்தளவில் அம்முடிபு பொருந்தும். எனினும் இவ்வழக்கு நீண்டதால், பாட்டை அரண்மனை வேறு பாசறை வேறாக இரண்டு கூறாக்கிப் படிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இரண்டு படங்களை ஒரே சட்டத்தில் மாட்டிவைத்தாற்போன்றது இப்பாட்டு என்று வகுப்பறைகளிலுங் கூறுவர். அக்கூற்று ஆராயத்தக்கது.

முதலில் மழை. உலகத்தை வளைத்துப் பெய்த மழையிலே ஆயர் மேட்டு நிலந் தேடிப் போகின்றனர். ஆநிரை மேய்ச்சலை மறக்கின்றது. நகரிலே பொழுது தெரியவில்லை. தட்டிலிட்ட பிச்சியரும்பு இதழவிழ்ந்து மணந்தபோதே மாலை வந்தமையை அறிந்து, மகளிர் இரும்பு விளக்கை ஏற்றி நெல்லும் மலருந் தூவித் தொழுகின்றனர். புறாக்கள் இரவென்றும் பகலென்றும் அறியாது மாடத்துப் பலகையிற் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கின்றன. வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல் வேண்டாது கிடக்கின்றது. விசிறிகள் தொங்கவிடப்பட்டுச் சிலந்தி கூடுகட்ட விடப்படுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழையையும், அதனைத் தொடர்ந்து வேலியிடுக்குகளில் நுழையும் வாடையையும் ஆண்டுதோறும் அனுபவிக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு இப்பகுதிக்கு உரை வேண்டியதில்லை. ஒன்றை மட்டுங் குறித்துக்கொள்ளல் தகும்: இங்கே வரும் மாந்தர் எல்லார்க்கும் கையில் ஒரு வேலை இருக்கின்றது. விளக்கேற்றுவோர், கணப்பிலே குளிர்காய்வோர், தளர்ந்த யாழ் நரம்பை மார்பின் வெம்மையிலே தடவி முறுக்கேற்றும் ஆடல் மகளிர், எல்லாரும் குளிரோடு ஏதோ ஒருவகையில் மல்லுக்கு நிற்கின்றனர்.

அடுத்து வருவது அரண்மனை. இரண்டு கோல்களை நட்டு, ஞாயிற்றின் நிழல் சாயாத நண்பகலில் நூலிட்டுத் திசையறிந்து கட்டிய அரண்மனை அது. காலத்தை இத்துணை நுட்பமாக அளந்தவர் கட்டிய மனைக்குள்ளே, காலம் நகராத அறையொன்று இருக்கின்றது. போரிற்பட்ட நாற்பது வயது யானையின் தந்தத்தாற் செய்த வட்டக்கட்டில்; அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. துயிலுக்கு வேண்டிய யாவும் அங்கே உள. துயில் மட்டும் இல்லை. கட்டிலின் சிறப்பை இத்தனை அடிகள் விரித்தது வீண் என்று கருதுவோர் இந்த முரணைக் காணாதவர். மெத்தையின் மென்மை கூடக்கூடத் துயிலாமையின் முள்ளுங் கூடுகின்றது. யானை போரிலே பட்டது என்ற செய்தியும் வெறும் அலங்காரமாகாது. எந்தப் போர் அவளை உறங்கவிடாது செய்கின்றதோ அதுபோன்ற ஒரு போர் தந்த கொம்பின்மேலேதான் அவள் கிடக்கின்றாள்.

அரசியின் நிலையை நக்கீரனார் காட்டும் முறை மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முறையை ஒத்தது. முத்தாரங் கிடந்த மார்பில் இப்போது அஃது இல்லை. பொன்வளை கழன்ற கையில் வலம்புரி வளை ஒன்று. உடுத்தது மாசேறிய நூற்புடைவை. வண்ணந் தீட்டாத ஓவியம் என்று அவளை உவமிக்கின்றார். நரைகலந்த கூந்தலையுடைய செவிலியர் சூழ்ந்து சிறு கதையும் நெடுங்கதையுமாகப் பல சொல்லி, இதோ வந்துவிடுவார் என்று தேற்றுகின்றனர். அதைக் கேட்ட அவள் முன்னினும் மிகுதியாக அழுகின்றாள்! இதுவே பாட்டின் மிக உண்மையான இடம் என்று கூறலாம். கவலையால் உறக்கமிழந்தவர்க்கு ‘கவலைப்படாதே’ என்னுஞ் சொல்லைப்போற் கவலையை எழுப்புவது பிறிதில்லை. பின்னர் அவள் கண்ணை மேலே உயர்த்துகின்றாள். கட்டிலின் மேற்கட்டியிலே விண்மீன் மண்டலம் எழுதப்பட்டிருக்கின்றது. திங்களைப் பிரியாத உரோகிணியை அங்கே கண்டு நெடுமூச்செறிகின்றாள். அழகுக்காக எழுதிய சித்திரமும் அவளுக்கு எதிர்ச்சாட்சியாகி விடுகின்றது. கவன்ற நெஞ்சு சுவரிலும் கூரையிலும் தனக்கு வேண்டிய பொருளைக் கண்டுபிடித்துக் கொள்ளும். கடைக்கண்ணில் திரண்ட நீர்த்துளியைச் செவ்விரலால் தெறித்து எறிகின்றாள். இச்செயலன்றி அவளுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. நகரத்து மகளிர்க்கு இருந்த விளக்கும் நெல்லும் மலரும் அவள் கையில் இல்லை. அவற்றையும் ஏவலரே செய்துவிடுவர்.

துயில் நோயை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் றிச்சாட் பூட்சின் என்பார் 1972 ஆம் ஆண்டில் வகுத்த முறையொன்று இன்றுங் கையாளப்படுகின்றது. படுக்கையிலே கிடந்து துயிலோடு போராடுபவர்க்கு நாளடைவிற் படுக்கையே விழிப்புக்குக் காரணமாகி விடுகின்றது. ஆகவே துயில் வராதவர் எழுந்து வேறோர் அறைக்குச் சென்று அமைதியான செயலொன்றில் ஈடுபட்டு, கண் சொருகும்போதே படுக்கைக்கு மீளல் வேண்டும் என்பது அதன் சாரம். நக்கீரனார் வைத்தியம் எழுதவில்லை. அவர் பாட்டை மருந்துச் சீட்டாக்குதல் பிழையாகும். ஆயினும் படுக்கையே பகையாகும் நிலையை, கட்டிலின் கால் முதல் மேற்கட்டி வரை வரிசையாக எழுதிய புலவர் அறியாமலா எழுதினார்?

இனிப் பாசறை. ஏறத்தாழ 20 அடிகளே. நள்ளிரவிலும் அரசன் பள்ளி கொள்ளவில்லை. வாட்புண் பட்ட வீரரைக் காண வெளியே வருகின்றான். வாடை அடிக்குந்தோறும் விளக்கின் பருஞ்சுடர் தெற்கே சாய்கின்றது. சேணங் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேல் விழும் துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடப்புறம் அணைத்துக்கொண்டு, வாளைத் தோளிலே தொங்கவிட்ட இளைஞன் ஒருவன்மேற் கை வைத்து, முகமலர்ச்சியோடு நடக்கின்றான். முத்துமாலை தூங்கும் வெண்குடை தூவானத்தை மறைக்கின்றது. வேம்பு கட்டிய வேலோடு முன் செல்பவன் காயம்பட்டோரை ஒவ்வொருவராகக் காட்டுகின்றான். அவ்வளவே. நெஞ்சிற் கவலை இல்லாதவன் இந்த மழையில் எழுந்து வரமாட்டான். ஆனால் அக்கவலைக்குக் காலும் கையும் கிடைத்திருக்கின்றன.

இங்கே நப்பூதனாரின் முல்லைப்பாட்டை ஒப்பிடுதல் பயனுடைத்து. 103 அடிகளாலான அப்பாட்டிலும் அரசி உறங்கவில்லை. ஏழடுக்கு மாளிகையின் கூரைவிளிம்பிலிருந்து விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டுக் கிடக்கின்றாள். அங்கும் பாசறையில் அரசன் ஒருநாள் உறக்கமிழக்கின்றான். புண்பட்ட யானைகளையும், தனக்காக மாண்ட வீரரையும், அம்பு தைத்துத் தீனி கொள்ளாது நிற்கும் குதிரைகளையும் நினைந்து, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி மறு கையால் தலையைத் தாங்கிக் கிடக்கின்றான். வென்ற பின்னரோ இனிது துயில்கின்றான். அவ்வரசனைப் போலவே இவ்வரசனுக்கும் நினைவு புண்பட்டோர் மேலதுதான். ஆனால் அவன் நினைக்கின்றான். இவன் போய்ப் பார்க்கின்றான். முல்லைப்பாட்டின் முடிவிலே தேர்க்குதிரை வரும் ஆரவாரம் அரசியின் செவியில் விழுந்து கவலை தீர்கின்றது. நெடுநல்வாடையிலே தேர் வரவில்லை. முல்லைப்பாட்டு இனிமையிற் சிறந்தது. எனினும் துயிலாமையை முழுதும் நம்பி, அதனைத் தீர்த்துவைக்காமலே பாட்டை முடிக்கும் துணிவு நக்கீரனாருக்கே உண்டு.

இனி, இரண்டு படங்கள் என்ற குற்றச்சாட்டு. பாட்டின் இறுதிப் பகுதியை இலக்கண நோக்கோடு மீளப் படித்தால் அது நில்லாது. அரசியின் துன்பந் தீர வெற்றி தருக என்று கொற்றவையை வேண்டும் வேண்டுதல் அவ்விடத்தே வருகின்றது. ‘முடிக’ என்பது அவ்வேண்டுதலின் வினை. எது முடிக? பாசறைத் தொழில். அச்சொல் பாட்டின் கடைசி அடியிலேதான் வந்து நிற்கின்றது. அரசனும் குதிரையும் குடையும் வேம்பும் யாவும் இவ்வினைக்கும் அதன் எழுவாய்க்கும் இடையே அடக்கப்பட்டுள்ளன. எனவே பாசறை தனிப்படம் அன்று. அரண்மனையில் எழுந்த வேண்டுதலின் உள்ளேயே அது நிற்கின்றது. வாக்கியம் ஒன்று, இரவு ஒன்று, துயிலாதார் இருவர். ஒருவர் விழித்திருத்தலை மற்றவர் அறியார்.

பாட்டின் பெயரையும் இவ்வழியே விளங்கிக்கொள்ளலாம். பிரிந்தவளுக்கு நெடிதாகவும், வினைமேற் சென்று வென்றவனுக்கு நல்லதாகவும் இருந்த வாடை என்பது உரைவழக்கு. வென்றமையால் நல்லதாயிற்று என்பது சற்று எளிதான விளக்கம். பாட்டில் வெற்றி இன்னும் வேண்டப்படுகின்றதேயன்றி முற்றும் எய்தப்படவில்லை. செய்ய ஏதேனும் உள்ளவனுக்கு அவ்விரவு தாங்கத்தக்கதாயிற்று, காத்திருப்பது ஒன்றே தொழிலானவளுக்கு அதே இரவு நீண்டுகொண்டே போயிற்று என்று கொள்வதே பாட்டின் உள்ளடக்கத்தோடு இயைவது.

அண்மைக்கால யாழ்ப்பாணத்தார்க்கு இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போய், ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் முன் விழித்திருந்த ஆண்டுகள் பல. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது பெய்ததும் இதே பருவ மழை. அந்த இரவில் மூட்டை சுமந்து, முதியோரைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிச் சென்றோர்க்கு, துயில் இல்லை என்று நினைக்கவும் நேரமில்லை. பிள்ளை எங்கே என்று தெரியாமல் வீட்டுத் திண்ணையிற் காத்திருந்த தாயின் இரவு வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் உள்ளத்தில் இட்ட வடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். போர் 2009 இல் முடிந்தது; ‘பாசறைத் தொழில் முடிக’ என்ற வேண்டுதல் ஒருவகையில் நிறைவேறிற்று. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் பிறவிடங்களிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தனர். அரசியின் கட்டிலிலிருந்து அவர்கள் எழுந்துவிட்டனர் என்று கொள்ளலாம். அவர்கட்குத் துயில் வந்ததா என்பதற்கு இப்பாட்டிலும் விடையில்லை.

உரையாசிரியர் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் எஞ்சுகின்றது. அரசியின் அறையில் யவனர் செய்த பாவையொன்று கையில் விளக்கின் அகலை ஏந்தி நிற்கின்றது. அதன் எண்ணெய் குறையுந்தோறும் வார்த்துத் திரியைத் தூண்டி ஏற்றிவைக்கின்றனர் என்கிறார் புலவர். ஒருமுறை அன்று, குறையுந்தோறும். வார்த்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. விடியும்வரை எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்த அந்த ஏவற்பெண்ணும் அவ்விரவிற் கண்ணுறங்காதவளே.