பழம் என்று எழுதி, பயம் என்று படிப்பது

சிறுசேரியில் சிப்காட் வளாகத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற தெருவொன்றில், சாயந்திர வேளைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒரு பெண் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு அந்த வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. வாழைப்பழப் படத்தின் கீழே இருந்த சொல்லில் விரலை வைத்து ‘பயம்’ என்று படித்தாள். ‘பயம் இல்லம்மா, பழம்’ என்றேன். ‘அதான் சார் நானும் சொல்றேன், பயம்.’ சரி, ‘பேயைப் பாத்தா வருமே, அதை எழுது’ என்றேன். யோசிக்காமல் ப, ய, ம் என்று எழுதினாள். ‘இப்ப சாப்பிடறதை எழுது.’ ழகரம் போட்டு எழுதினாள். வாயில் ஒன்றாக இருக்கிற இரண்டு சொற்கள் அவள் கையில் இரண்டாகவே இருந்தன. அவளுக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?

இந்தக் கேள்வியை நான் எழுப்புவதற்குக் காரணம், ஒலிவழி வாசிப்பு என்பது இன்று ஆராய்ச்சியின் முத்திரையோடு வந்து சேர்ந்திருக்கிறது. 1955இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் அமெரிக்காவில் தொடங்கிவைத்த சண்டை அது. சொல்லை முழுசாகப் பார்த்து ஊகித்துப் படிக்கட்டும் என்றது ஒரு தரப்பு. 1967இல் கென்னத் குட்மன் வாசிப்பையே ஓர் ஊக விளையாட்டு என்றார். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசைப்படுத்தி, வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்றது மறுதரப்பு. 2000இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது சொற்களில் ஒரு சோதனை. அதில் இருபது, மொழியிலேயே இல்லாத பொய்ச்சொற்கள். பிள்ளை ஊகிக்கவே கூடாது என்பதற்காக அர்த்தத்தை வேண்டுமென்றே வெளியேற்றிய சோதனை. அதன் மலிவுப் பதிப்புதான் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ‘ஃபோனிக்ஸ் கிளாஸ்’ என்று தொங்குகிற ஃபிளெக்ஸ் போர்டு.

நம்மவர்கள் இதை ஏளனம் செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதில் அதிகாரத்தின் பயிற்சியையும், குழந்தை தானாகக் கண்டடைவதில் விடுதலையையும் பார்த்தோம். ஆனால் தானாகக் கண்டடைகிற குழந்தை யார்? மடியில் உட்காரவைத்துக் கதைப்புத்தகம் படித்துக்காட்ட ஆள் இருக்கிற வீட்டுக் குழந்தை. எழுத்தின் விதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தராத வகுப்பறை அவற்றை வீட்டுச் சொத்தாகவே விட்டுவைக்கிறது. அசர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022இல் 4.8. அந்த ஆண்டு ஜூன் 13இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பதை, வகைப்படுத்தும் அதிகாரம் என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து எழுதிவிடலாம்தான். அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு எழுத்தும் கூடுதலாக வந்துவிடாது.

அப்படியென்றால் ஆங்கில முறையை அப்படியே இறக்கிவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஒலியைக் கூட்டி எழுத்தாக்குவது நமக்குப் புதிதல்ல. உயிர், மெய், உயிர்மெய் என்ற பெயர்களே கூட்டலின் பெயர்கள். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்வதற்கு ஓர் இயலையே ஒதுக்கியது. ஆனால் ‘க்’ என்பதை வகுப்பில் யாரும் தனியாக உச்சரிப்பதில்லை, ‘இக்’ என்கிறோம். ‘இக்’கும் ‘ஆ’வும் சேர்ந்தால் ‘கா’ என்றால் பிள்ளை ‘இக்கா’ என்கிறது. தப்பு பிள்ளையுடையது அல்ல. நம் எழுத்து அசையின் எழுத்து. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் எழுதியதும் இதுதான்: அட்சரங்கள் நிறைய, அவை கைவர ஆண்டுகள் பிடிக்கும். 247ஐயும் மனப்பாடம் செய்வதல்ல, குறிகள் சேரும் விதியைப் பிடிப்பதுதான் காரியம். அந்த விதியும் நேர்கோட்டில் இல்லை. ‘கெ’யில் பின்னால் ஒலிப்பது முன்னால் நிற்கிறது. உகர வரிசையில் கு, சு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உருவம். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்தி, 1978இல் அரசாணையான சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது; உகர, ஊகாரங்களைத் தொடவில்லை. வா.செ.குழந்தைசாமி வற்புறுத்தியும் அது நடக்கவில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி: எழுத்துக்கு ஒலி என்கிறீர்கள், யாருடைய ஒலி? கல், அகம், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்று, ஒலி மூன்று. தமிழ் பேசுகிற பிள்ளை அதை வாயிலேயே கொண்டுவருகிறது. அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாக் கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தந்தாக வேண்டும். ‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தாங்க’ என்று படிக்கிற பிள்ளை எழுத்தைத் தவறவிட்டிருக்கிறது, அர்த்தத்தைப் பிடித்துவிட்டிருக்கிறது. ழகரத்தை யகரமாகச் சொல்கிற வாயை இந்தப் பகுதியில் சாதியாகவும் வர்க்கமாகவும் கேட்டுப் பழகிய காதுகள் உண்டு. பூர்தியூ மொழி மூலதனம் என்றது இதைத்தான். உச்சரிப்புத் திருத்தமும் வாசிப்பும் ஒன்றாகக் குழம்பும்போது, படிக்கத் தெரிந்த பிள்ளை படிக்கத் தெரியாத பிள்ளையாகப் பதிவாகிறது.

தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் பாடம் ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. டகரமும் பகரமும் நேர்கோடுகளால் ஆனவை, மண்வெட்டி பிடித்த கைக்கும் வரும். அதே சமயம் பட்டா என்பது வெறும் சொல் அல்ல. நிலம் கையைவிட்டுப் போகும் காகிதத்தில் ரேகை வைத்தவர்களுக்கு அது என்ன என்று, சாலையோர வயலெல்லாம் மனையாகிப்போன இந்த வட்டாரத்தில் விளக்க வேண்டியதில்லை. எழுத்தின் வரிசையையும் வாழ்க்கையின் அர்த்தத்தையும் ஒரே சொல்லில் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. பாவ்லோ ஃப்ரெய்ரேவும் சொல்லை அசைகளாகப் பிரித்துத்தான் கற்பித்தார் என்பதை, அவரை மேற்கோள் காட்டுகிற நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

அந்தப் பெண்ணைப் புனிதப்படுத்த நான் விரும்பவில்லை. ‘கொக்கு’ என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். ‘கெ... கா...’ என்று இழுத்தாள். படம் இருந்திருந்தால் ஊகித்திருப்பாள். ரேஷன் கார்டிலும் வாடகைப் பத்திரத்திலும் படம் இருக்காது. கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருகிறதென்று காட்டினேன். கொ, சொ, தொ, பொ, நாலு நாள் ஆனது. அஞ்சாம் நாள் அவளே ‘கொக்கு’ என்றாள், பிறகு என்னைக் கேட்காமலே ‘சொத்து’ என்றும் படித்தாள். ‘பழ’த்தை இன்னும் ‘பயம்’ என்றுதான் படிக்கிறாள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.