உறங்கும் சாதனங்கள்: கர்னலின் மின்மேலாண்மை மரபுகள்

வேலையில்லாத சாதனம் எவ்வளவு ஆழமாக உறங்கலாம், யார் சொன்னால் உறங்க வேண்டும், விழிக்கும்போது எதை மறந்திருக்கும்: இயங்குதளக் கர்னலில் சாதனங்களின் மின்நிலைகளை வகுப்பவர் விடை காண வேண்டியவை இவை. மறதிதான் இவற்றில் பெரிய தலைவலி.

இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் 1992இல் வெளியிட்ட ஏபிஎம் என்ற மின்மேலாண்மை முறையில் அதிகாரம் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸிடம் இருந்தது. எந்த நிரல் எதைப் பயன்படுத்துகிறது என்பது பயாஸுக்குத் தெரியாது. வேலை நடக்கும்போதே உறங்கவைத்துவிடும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் கொண்டுவந்த ஏசிபிஐ, முடிவெடுக்கும் பொறுப்பை இயங்குதளத்துக்கு மாற்றியது. அதில் டி0 முழு விழிப்பு, டி3 ஆழ்ந்த உறக்கம். இடைப்பட்ட டி1, டி2 கட்டாயமல்ல. டிரைவர் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைச் சீண்டுவதில்லை. மிச்சமாகும் மின்சாரம் சொற்பம், சோதிக்க வேண்டிய பாதைகளோ கூடுதல்.

டி3யிலேயே இரண்டு வகை உண்டு. 'டி3 ஹாட்' நிலையில் உள்ள பிசிஐ அட்டைக்கு மின்சாரம் இருக்கும். அமைப்பு ரெஜிஸ்டர்களைக் கேட்டால் பதில் வரும். டி0வுக்குத் திரும்புமாறு எழுதிய பின் கர்னல் 10 மில்லி விநாடி பொறுக்க வேண்டும். அதற்குள் பல அட்டைகள் தம் அமைப்புகளை இழந்துவிடும். ஆகவே உறங்குமுன் அவற்றைச் சேமித்து, விழித்ததும் மறுபடி எழுதுவது கர்னலின் கடமை. 'டி3 கோல்டு' என்றால் மின்சாரமே துண்டிப்பு. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

லினக்ஸ் மரபு வன்பொருளின் படிகளை டிரைவருக்குள் ஒதுக்கிவிட்டது. ரஃபேல் வைசாக்கியின் முயற்சியில் 2009 டிசம்பரில் 2.6.32 பதிப்பில் சேர்ந்த 'ரன்டைம் பிஎம்' அமைப்புக்கு, சாதனம் இயங்குகிறது, உறங்கப்போகிறது, உறங்குகிறது, விழிக்கிறது என்ற நான்கே நிலைகள். பயனர் எண்ணிக்கை பூஜ்யமானால் உறங்கலாம். குழந்தைச் சாதனம் விழித்திருக்கையில் பெற்றோர் பொதுவாக உறங்க முடியாது. உறங்கவைக்குமுன் யூஎஸ்பிக்கு வழக்கமான பொறுமை 2 விநாடி. இடைநிலைகள் இரண்டையும் தனியே பெயரிட்டதே இதன் கெட்டிக்காரத்தனம்: உறங்கப்போகும் நேரத்தில் வேலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கே விடை இருக்கிறது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 2011 செப்டம்பரில் அரசு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அது மணிக்கணக்கில் மின்வெட்டு நீடித்த காலம். சிவகாசி, சாத்தூர் பக்கத்து மாணவருக்கு பேட்டரியின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மூடியைத் திறந்ததும் வைஃபை விழிக்குமா என்பது படிப்பைத் தொடும் கேள்வி.

சாதனம் சாதனமாக உறங்கவைக்கும் ரன்டைம் பிஎம்முக்கு ஆண்ட்ராய்டு எதிர்த்திசையில் போனது. ஏதேனும் ஒரு நிரல் 'வேக்லாக்' என்னும் விழிப்புப் பூட்டைப் பிடித்திருந்தாலொழிய முழு அமைப்பும் உறங்கும். லினக்ஸ் கர்னல் குழுவினர் இதை நெடுநாள் ஏற்கவில்லை. கடும் வாதத்துக்குப் பின், 2012இல் 3.5 பதிப்பில் வேறு வடிவில் இடம் கொடுத்தனர். கைப்பேசிச் சில்லுகளில் இன்னொரு சிக்கல்: பல சாதனங்கள் ஒரே மின்தடத்தைப் பகிர்வதால், அனைத்தும் உறங்கினால்தான் தடத்தைத் துண்டிக்க முடியும். இதற்கான பொது மின்களங்கள் 2011இலேயே 3.1 பதிப்பில் சேர்ந்துவிட்டன.