கம்பத்துக்காரன் பேரென்ன? – கண்ணபுரம் நோம்பியும் ஞாபக எழுத்தும்

கொங்குநாட்டில் எழுதப்படிக்கத் தெரிந்த ஆள் நாற்பதைத் தாண்டியதும் ஒரு நோம்பிக் கட்டுரை எழுதாமல் விடுவதில்லை. கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், கவிதைத் தொகுப்பின் முன்னுரை என்று எங்கே இடம் கிடைத்தாலும் அங்கே ராட்டாந்தூரி சுற்றும். ஜவ்வுமிட்டாய்க்காரர் குச்சியின் உச்சியில் பொம்மை கைதட்டும். பையன் அப்பாரு தோள்மேல் உட்கார்ந்து காளை பார்ப்பான். அப்பிச்சி கைக்காசு கொடுப்பார். அந்த நாள் இனி வருமா என்ற பெருமூச்சோடு கட்டுரை முடியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆள் எழுதினால் அது அநேகமாகக் கண்ணபுரம் நோம்பியாக இருக்கும்.

இவற்றை நான் விடாமல் படிக்கிறவன். பொய் எழுதுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஜவ்வுமிட்டாய் எனக்கும் இனித்ததுதான். ஆனால் ஒரு நோம்பியை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் அந்த நோம்பியில் எங்கே நின்றோம் என்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நின்ற இடத்தைச் சொல்லாமல் பார்த்த காட்சியை மட்டும் சொல்வதுதான் இந்த எழுத்தின் தந்திரம். தந்திரம் என்றுகூடத் தெரியாமல் செய்கிறார்கள்.

சித்திரை மாதம் கண்ணபுரத்து மாரியம்மனுக்கு நோம்பி. அதை ஒட்டி ஓலப்பாளையம் பக்கத்துக் காடுகளில் மாட்டுச் சந்தை கூடும். அறுவடை முடிந்த வெறுங்காடு. நிழல் என்றால் வேலமரம்தான். அந்த வெயிலில் நாள்கணக்கில் மாடும் மனுசனும் கிடப்பார்கள். காங்கேயம் மாட்டுக்கென்றே பேர்போன சந்தை. தாராபுரம், கரூர், ஈரோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உண்டாகும்வரை காங்கேயம் வட்டாரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. கட்டுரையாளர்கள் இதையெல்லாம் சரியாகவே எழுதுகிறார்கள்.

காளையைப் பற்றி எழுதும்போதோ கை இன்னும் தாராளம். கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் வெளுப்பது, காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்து ஏறுவது, சுழி பார்ப்பது, பல் பிடித்து வயது பார்ப்பது என்று ஒன்று விடாமல் வரும். கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் கிளுவை வேலிக்கும் தனிப் பத்தி. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இல்லாமல் எந்தக் கட்டுரையும் இல்லை. 2017 சனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது காங்கேயம் காளை தமிழ்நாட்டுக்கே அடையாளமாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, சத்தமும் கூடியிருக்கிறது.

அந்தக் காளையின் கழுத்தில் சலங்கை கோத்த தோல்பட்டை யார் செய்தது? ஓட்டுகிறவன் கையில் இருந்த சாட்டைவார் யார் பின்னியது? மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் இதே காளை கவலை ஓட்டியதே, கிணற்றிலிருந்து தண்ணி தூக்கிய தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தித் தைத்தது யார்? சுழியை எண்ணத் தெரிந்த ஞாபகத்துக்குத் தையலை எண்ணத் தெரியவில்லை. மாடு உசிரோடு இருக்கிறவரை அது பண்ணயத்துப் பெருமை. செத்துப்போன அன்றைக்குத்தான் வளவுக்கு ஆள் அனுப்புவார்கள்.

எங்கப்பன் சந்தையில் சாட்டையும் வாரும் விற்றவர். எங்களுக்கு வரிசையில் இடமில்லை. வண்டித்தடத்து ஓரம் ஒரு கோணிச்சாக்கை விரித்து உட்காருவோம். வாங்க வருகிறவர் சாட்டையை எடுத்து அந்தரத்தில் நாலு சொடுக்குச் சொடுக்கிப் பார்ப்பார். சத்தம் பிடித்திருந்தால் காசைச் சாக்குமேல் போடுவார். கையில் கொடுக்கமாட்டார். பத்தடி தள்ளித் துண்டுக்கடியில் ரெண்டு கை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். முன்பின் தெரியாத ரெண்டு பேர் கை. எல்லோரும் ரசித்து எழுதும் அந்தத் துண்டு வியாபாரம் தொடலாம் என்கிறவர்களுக்கு இடையில் நடந்த வியாபாரம். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அதன் அழகைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் நான் படிக்கத் தயார்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போன பெரியவரை அதில் படித்த பிறகு, பலகாரம் பற்றிய தமிழ்ப் பால்ய ஞாபகங்கள் அத்தனையையும் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. பொட்டலத்துக்குள் இருந்ததை எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். கயிற்றைப் பார்த்தவர் அவர். கொங்குநாட்டு நோம்பிக்கு இன்னும் அப்படி ஒரு கயிறு எழுதப்படவில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலிப் பையனை நடுவில் வைத்து எழுதப்பட்டது. மேய்ச்சல் காட்டை மேய்த்தவன் கண்ணால் காட்டியதில் அந்த நாவலுக்கு மரியாதை உண்டு. எழுதியவர் வளவுக்காரர் இல்லை என்பதும் உண்மைதான். வளவிலிருந்து எழுதினால் அந்தப் பையன் பேசும் பாஷையே வேறாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் தெலுங்கு. நோம்பிக்குப் போனால் தமிழ் பேச வேண்டும், சாமி சேர்த்துப் பேச வேண்டும்.

அடுத்து, 'நோம்பிக் கூட்டத்தில் சாதி ஏது?' என்ற வாக்கியம். எல்லாக் கட்டுரையிலும் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் இது வந்துவிடும். கொங்கு வட்டாரத்தில் கூட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதை எழுதுகிறவர் மறந்துவிடுகிறார். கவுண்டர்கள் ஒருவரையொருவர் முதல் தடவை பார்த்தால் 'நீங்க என்ன கூட்டமுங்க?' என்றுதான் கேட்பார்கள். நான் பதினொரு வயதில் திருப்பூர் போய்க் கைமடி வேலை பார்த்தவன். அடுத்த வருசம் நோம்பிக்குக் கம்பெனியில் கொடுத்த கலர் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தேன். கலர்த்தண்ணிக் கடையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர் சிரித்த முகமாக, 'தம்பி எந்த ஊரு? யாரு பையன்?' என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். 'ஊருக்குள்ளயா, அக்கட்டயா?' என்றார். பாட்டில் பாதியில் இருந்தது. கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, நீயே வெச்சுக்க என்றார். காலி பாட்டிலுக்குக் காசு பிடித்தது அந்தக் கடையில் அன்றைக்கு என்னிடம் மட்டும்தான்.

கூட்டத்தில் சாதி தெரியாது என்பதைச் சந்தோசமாக எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். அதையே பயமாகச் சொல்லும் கதைகள் இன்னொரு பக்கம். கொங்குநாட்டு மாரியம்மன் நோம்பியின் உயிரே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. கம்பம் நடுவது எல்லோருக்கும் தெரியும். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி, பட்டை உரித்து, மஞ்சள் பூசிக் கோயில் முன்னால் நடுவார்கள். அதன் தலையில் நெருப்புச்சட்டி. ராத்திரி ராத்திரிக்கு இளவட்டங்கள் சுற்றி ஆடுவார்கள். கம்பத்துக்கு மஞ்சள்தண்ணி ஊற்றுவார்கள். அதுதான் மாரிக்குப் புருசன் என்பார்கள். நோம்பி முடிந்ததும் அதைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ போட்டுவிடுவார்கள். கம்பத்தாட்டத்தை எழுதாத ஞாபகக் கட்டுரை இல்லை. கம்பம் யார் என்று கேட்ட கட்டுரையை நான் பார்க்கவில்லை.

மாரியம்மன் கதை ஒன்று தென்னிந்தியா முழுக்கப் பல வடிவத்தில் கிடக்கிறது. சென்னை பிஷப் ஒயிட்ஹெட் 1916-இல் வெளியிட்ட கிராம தேவதைகள் பற்றிய புத்தகத்திலேயே இருக்கிறது. தீண்டாச்சாதிப் பையன் ஒருவன் தன்னைப் பார்ப்பனன் என்று சொல்லிப் பார்ப்பனப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைகள் பிறக்கின்றன. பையனின் ஆத்தா வருகிறாள். மருமகள் வைத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு, சுட்ட எருமை நாக்கு மாதிரி இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். (பார்த்தீர்களா, இங்கேயும் பலகாரம்தான் காட்டிக்கொடுக்கிறது.) உண்மை தெரிந்த பெண் நெருப்பில் விழுந்து தெய்வமாகிறாள். அவன் எருமையாகப் பிறந்து அவள் நோம்பியில் வருசா வருசம் வெட்டுப்படுகிறான்.

இந்தக் கதையையும் கம்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருசத்துக்கு ஒருமுறை தாலி, தலையில் நெருப்பு, கடைசியில் கிணறு. ப்ரெண்டா பெக் என்கிற மானிடவியல் ஆய்வாளர் 1960-களின் நடுவில் இதே ஓலப்பாளையத்தில் தங்கி வேலை செய்தவர். கொங்குச் சமூகத்தைப் பற்றி 1972-இல் வந்த அவருடைய புத்தகம் அங்கேதான் உருவானது. கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியைப் பற்றித் தனிக்கட்டுரையும் எழுதியிருக்கிறார். அவர் அம்மனையும் அசுரனையும் குறியீடுகளாக விரித்துக்கொண்டு போகிறார். நன்றாகத்தான் போகிறார். எனக்கோ குறியீட்டைவிட அந்த ஆள் முக்கியம். எல்லைதாண்டிக் கல்யாணம் கட்டியவன் கொல்லப்பட்டதை வருசா வருசம் நடித்துக் காட்டுகிற ஒரு நிகழ்ச்சியைத்தான் நாம் குழந்தைப் பருவத்தின் சந்தோசம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோமா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் சங்கர் வெட்டப்பட்டார். அதுவும் இதே திருப்பூர் மாவட்டம்தான். பட்டப்பகல், கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

'மாதொருபாகன்' (2010) பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். திருச்செங்கோட்டு வைகாசித் தேரின் பதினாலாம் நாள் கூட்டத்தில் பிள்ளையில்லாத பொன்னா யாரோ ஒரு ஆம்பளையை சாமியாக நினைத்துச் சேரலாம் என்பது கதை. 2014 இறுதியில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கருத்துச் சுதந்திரம், பெண்ணின் மானம், ஊரின் மானம் என்று ரெண்டு வருசம் பேசியாயிற்று. நாவலுக்குள் காளி எதற்குப் பயப்படுகிறான் என்று பேசியவர்கள் கம்மி. கூட்டத்தில் திரிகிற ஆம்பளைகளில் தீண்டாச்சாதிக்காரனும் இருப்பானே என்பது அவனுடைய நடுக்கங்களில் ஒன்று. அது அப்படியே கம்பத்துக் கதையின் பயம். அதைத் தொட்ட நாவலாசிரியர் அங்கேயே நின்று தோண்டியிருக்கலாம். காளியின் மனசுக்குள்ளேயே விட்டுவிட்டார். கூட்டத்தில் திரிந்த அந்தத் தீண்டாச்சாதி இளைஞனுக்கு நோம்பி எப்படி இருந்தது என்பதற்கு நாவலில் பக்கமில்லை.

ஞாபகக் கட்டுரைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதற்குத் திருப்பூரைப் பார்க்க வேண்டும். ஷரத் சாரி 2004-இல் 'ஃப்ரட்டர்னல் கேப்பிடல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். காட்டுவேலையிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து முதலாளிகளான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்கு ஒரே காரணமாக உழைப்பைச் சொல்வதை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் உழைத்தது மெய்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்கிற வாய்க்கு, கூட உழைத்த பண்ணயத்தாள் ஞாபகத்தில் இருக்கக்கூடாது. நோம்பிக் கட்டுரை அந்த உழைப்புப் புராணத்தின் பால்ய காண்டம். காடு இருக்கும், காளை இருக்கும், அப்பாரு இருப்பார். ஆள் இருக்காது.

நம்ம பக்கத்துக்கும் ஒன்று. பெக் தன் புத்தகத்தில் கொங்குச் சாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்துக் காட்டுகிறார். பறையர் ஒரு பக்கம், மாதாரி மறுபக்கம். பறை கொட்டியவனுக்கும் தோல் தைத்தவனுக்கும் நடுவில் ஊர் கிழித்த கோடு அது. பறைக்குத் தோல் வேண்டும் என்பதை ரெண்டு பேரும் மறக்கும்படி கிழித்திருக்கிறார்கள். 1990-களில் பறையை வீசி எறிவதா, எடுத்து அடிப்பதா என்று நம் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. ரெண்டு கட்சியும் சாவுமேளத்தைப் பற்றியே பேசின. கம்பத்தாட்டத்துக்கு அடித்த அடியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அந்த அடிக்குத் தனிப் பேர் உண்டு, கைமாற்று உண்டு, விடியவிடிய அடித்தவருக்கு விரலில் ரத்தம் கட்டும். அந்தக் கலைஞர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டியது இன்னும் பாக்கி. ஆட்டக்காரர்களின் ஞாபகம் நூறு கட்டுரை ஆகிவிட்டது, அடித்தவர்களில் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்க அவ்வா கம்பத்துக் கதையைத் தெலுங்கில் சொல்வாள். அவள் கதையில் பையன் பொய் சொல்லிக் கட்டவில்லை, அந்தப் பெண்ணுக்கு முதலிலேயே தெரியும். ஊருக்குத் தெரிந்த பிறகுதான் நெருப்பு. சொல்லி முடித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'அவளுக்கு மாரின்னு பேரு வெச்சாங்க, அவம் பேரு என்னன்னு எவனாச்சும் சொன்னானா?' என்பாள். கம்பம் பிடுங்குகிற அன்றைக்கு வளவில் யாரும் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்று கட்டளை. ஆனால் பிடுங்கும்வரை கொட்டு நிற்கக்கூடாது. எங்க ஆளுக நூறடி தள்ளி நின்று, கம்பம் தண்ணியில் விழும் சத்தம் கேட்கிறவரை அடிப்பார்கள்.